இடது பக்கத்து மோட்டார்

விசாரணை நடந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நிர்வாகப் பொறியாளர் பூவராகவன். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஸ்டோர்கீப்பர் பட்டாபி. சுவரோரம் இரும்பு பீரோவை ஒட்டிக் கிடந்த பெஞ்சில், விரலில் துணி சுற்றியிருந்த படகோட்டி கிஷோரி லால். மேசைக்கு இந்தப் பக்கம், ஒரு கை உடைந்த நாற்காலியில் எலெக்ட்ரீஷியன் ஏசுதாஸ். குஷன் வைத்த ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டிய இலாகாச் செயலாளர் நெற்றியில் தையலோடு வீட்டில் படுத்திருந்தார். அந்த நெற்றி எப்படிப் பிளந்தது என்பதைத்தான் விசாரிக்கக் கூடியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். போன வருஷம், எழுபத்தெட்டில், யமுனை டெல்லிக்குள் வந்து போனதிலிருந்து, வெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் இரும்புப் படகுக்குத் திடீர் மரியாதை வந்துவிட்டது. பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் அதில் ஏறி ஆற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் அதன் முன் கண்ணாடி வைப்பர் மோட்டார்கள் இரண்டும் தண்ணீர் குடித்துச் செத்திருந்தன. இந்த செப்டம்பரில் செயலாளர் வருகிறார் என்றதும் அவசர அவசரமாகப் புது மோட்டார் வாங்கி மாட்டினார்கள். மறுநாள் காலை செயலாளர் ஏறினார். நடு ஆற்றில் மழை பிடித்தது. வைப்பர் நின்றது. கண்ணாடியில் தண்ணீர் திரை போட்டாற்போல் இறங்க, எதிரே எதுவும் தெரியாமல் கிஷோரி லால் நேராகக் கொண்டுபோய்க் கரையோரம் கட்டியிருந்த மண்வாரிப் படகில் மோதினான்.

ஏசுதாஸ் அந்த அலுவலகத்தில் தினக்கூலி. நிரந்தரம் செய்யும் பட்டியலில் அவன் பெயர் இந்த முறை ஏறியிருந்தது. பட்டியல் பூவராகவனின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அந்த இழுப்பறையை ஏசுதாஸ் பார்த்ததையும், அவன் பார்த்ததைப் பூவராகவன் கவனித்ததையும் இருவருமே தெரியாததுபோல் வைத்துக்கொண்டார்கள்.

"இங்க பாருங்க, இது நமக்குள்ள," என்று பூவராகவன் தமிழில் ஆரம்பித்தார். "மேல போறதுக்கு முன்னாடி நாமளே பேசி முடிச்சுக்கலாம். வயரிங் யார் பண்ணது?"

"நாந்தான் சார்."

"தனியாவா?"

"தனியாத்தான். அன்னைக்கு விஸ்வகர்மா பூஜை, இந்த ஊரு ஆயுத பூஜை. மத்தவன் எவனும் ஸ்பானரத் தொடமாட்டேன்னுட்டான். ஒனக்கு என்னப்பா பூஜை, நீ பாருன்னு நீங்கதான சார் சொன்னிய?"

"சொன்னேன். ஒழுங்காப் பாருன்னு சொன்னேன். செயலாளர் மண்டைய உடைன்னு சொல்லல."

பட்டாபி மூக்கால் சிரித்தார். ஏசுதாஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வாயில் என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது.

"படகு இருவத்தி நாலு வோல்ட்டு சார். வந்த மோட்டாரு ரெண்டும் பன்னெண்டு வோல்ட்டு. அம்பாசிடர் காருக்குப் போடுறது. இத வச்சு என்ன செய்யன்னு அன்னைக்கே கேட்டேன்."

"கரோல் பாக் கடைல அன்னைக்குக் கெடச்சது அதான்," என்றார் பட்டாபி. "செயலாளர் வர்றார், ஜல்தி ஜல்தின்னு ஆளாளுக்குப் பறந்தேள். கல்கத்தாவுக்கு எழுதிப்போட்டு வரவழைக்க நேரம் இருந்துதா?"

"அட்ஜஸ்ட் பண்ணுன்னு நான் சொன்னேன். பண்ண முடியும்னு நீ சொன்ன," என்றார் பூவராகவன். 'நாம' எப்போது 'நீ' ஆயிற்று என்று ஏசுதாஸ் மனதில் குறித்துக்கொண்டான்.

"முடியும்தான். முடிச்சேன்."

அவன் முடித்த விதம் அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இருபத்து நாலை இரண்டு மோட்டாரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் போதும். முதலில் வரும் இடது மோட்டாரைக் கடந்த மின்சாரம் வலது மோட்டாருக்குப் போய், அங்கிருந்து படகின் இரும்பு உடம்பில் இறங்கிவிடும். ஒரே சிக்கல், கார் மோட்டாருக்கு அதன் உடம்பேதான் ஒரு கம்பி. வலது பக்கத்து மோட்டார் படகின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், தொடவும் வேண்டும். இடது பக்கத்தது தொடக்கூடாது. அதனால் இடது மோட்டாருக்கு அடியில் ஒரு பலகை, பலகைமேல் சைக்கிள் டியூப், போல்ட்டுகளுக்கெல்லாம் ரப்பர் உறை என்று படகிலிருந்து பிரித்துத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டதுபோல் உட்கார்த்தி வைத்திருந்தான். சுவிட்சைப் போட்டதும் இரண்டு வைப்பரும் ஜோடி மாடாக ஆடின. வாளியில் தண்ணீர் மொண்டு கண்ணாடியில் அடித்துப் பார்த்தான். குறை ஒன்றுமில்லை. பிறகு ஏன் நின்றது என்று மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லாமல் புரண்டதுதான் மிச்சம்.

"முடிச்ச லட்சணத்ததான் பாத்தோமே," என்றார் பட்டாபி. "இவனுக்கெல்லாம் தூத்துக்குடி ஹார்பர்ல வேல பாத்தேன்னு பேச்சு வேற."

"பட்டாபி, சும்மா இருங்க." பூவராகவன் பெஞ்சின் பக்கம் கையைக் காட்டி இந்திக்கு மாறினார். என்ன நடந்தது, முதலிலிருந்து சொல் என்றார்.

கிஷோரி லால் எழுந்து நின்றான். அவனுக்கும் யார்மேலும் பிரியமில்லை. மதறாஸிகள் மூன்று பேர் தமிழில் பேசிப் பழியைத் தன் தலையில் கட்டப்போகிறார்கள் என்று நினைத்து முகத்தைக் கல்லாக வைத்திருந்தான். மழை பிடித்ததும் சுவிட்சைப் போட்டேன், கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது என்றான். பிறகு இரண்டு கையையும் கண்ணாடிக்கு முன்னால் தூக்குவதுபோல் தூக்கினான்.

"பாயா வாலா பாகல் ஹோ கயா, சாப். தாயா வாலா மர் கயா."

இடது பக்கத்தது பைத்தியமாகிவிட்டது, வலது பக்கத்தது செத்துவிட்டது. இடது கையைப் படபடவென்று வெறிபிடித்தாற்போல் ஆட்டிக் காட்டினான். வலது கையைத் தொங்கவிட்டான்.

ஏசுதாஸுக்கு உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது. ஒயர் அறுந்திருந்தால் இரண்டும் ஒன்றாக நின்றிருக்கும். ஒன்று சாக மற்றது இரண்டு பங்கு வேகத்தில் ஓடியது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தொடக்கூடாத இடது மோட்டாரின் உடம்பு படகின் இரும்பைத் தொட்டிருக்கிறது. இருபத்து நாலும் அது ஒன்றின்மேல் ஏறியிருக்கிறது. வலதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இடதும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் கருகியிருக்கும்.

"பையா," என்று திரும்பினான். இடது மோட்டாரில் யாராவது எதையாவது மாட்டினார்களா என்று இந்தியில் கேட்டான்.

யாரும் எதுவும் மாட்டவில்லை என்றான் கிஷோரி லால். பூஜையில் ஸ்டோர் சாப் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும்தான் கட்டியிருந்தார். அது தீய்ந்து நாற்றம் வந்ததால் பிய்த்து எறியப் போனேன், கட்டியிருந்த கம்பி பீடி நெருப்பாகச் சிவந்திருந்தது, கை வெந்துவிட்டது என்று துணி சுற்றிய விரலை நீட்டினான்.

"கம்பியா?" என்றான் ஏசுதாஸ். இப்போது பட்டாபியை நேராகப் பார்த்தான். "கம்பியிலயா கட்டுனீரு?"

"பின்னே? நூல் நனைஞ்சா அத்துண்டு போயிடறது. ஸ்டோர்ல கட்டுக்கம்பி இருந்தது. மோட்டார்ல ஒரு சுத்து, ஜன்னல் ஃப்ரேம் ஆணில ஒரு சுத்து. ஆடாம நின்னுது. அதுல என்ன தப்பு?"

ஏசுதாஸ் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக்கூடாது. ஆனால் மூன்று ராத்திரியும் சேர்ந்து வாய் வழியாக வந்துவிட்டது.

"சிரிக்கறான் பாருங்கோ சார்!" பட்டாபி எழுந்தே விட்டார். "போன வருஷம் இதே படகுல எத்தன பேர உசுரோட தூக்கிண்டு வந்தோம். அதுக்கு திருஷ்டி கழிச்சா இவனுக்குச் சிரிப்பு வர்றது. எலுமிச்சம்பழத்துல எங்கயாவது கரண்ட் பாயுமா?"

"பழத்துல பாயல வே, கம்பில பாஞ்சுது! மோட்டார் ஒடம்பையும் படகையும் சேத்துக் கட்டிட்டு திருஷ்டியாம் திருஷ்டி!"

"உங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறேளே, அதப் பாத்து நாங்க சிரிக்கறோமா?"

"நான் மெழுகுவத்திய மோட்டார்ல ஒட்டல!"

"போதும்!" பூவராகவன் மேசையில் தட்டினார். கிஷோரி லாலை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. ஏசுதாஸுக்கு அந்தத் தணிந்த குரல்தான் பயமாக இருந்தது.

"சுவிட்ச் போட்டதும் நல்லா ஓடிச்சுன்னானே. அப்ப கம்பி என்ன பண்ணிச்சு?"

"ஃப்ரேம்ல பெயிண்ட்டு இருக்கு சார். பெயிண்ட்டு இருக்க மட்டும் ஒண்ணும் ஆகாது. படகு குலுங்கக் குலுங்கக் கம்பி தேச்சு இரும்பத் தொட்டிருக்கு. வாங்க, இப்பமே போய்ப் பாப்போம். தீஞ்ச வடு அங்கன இருக்கும்."

"இருக்கும். இருக்கட்டும்." பூவராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்னன்னு எழுதறது? எலுமிச்சம்பழத்தால விபத்துன்னா? ஊரே சிரிக்கும். சரி, எழுதறேன்னே வை. மோட்டார் உடம்பு ஏன் படகத் தொடக்கூடாதும்பான். ரெண்டையும் கோத்திருக்குன்னு சொல்லணும். ஏன் கோத்தேம்பான். பன்னெண்டு வோல்ட்டும்பே. பன்னெண்டு வோல்ட்ட யார் வாங்கச் சொன்னாம்பான்."

வாங்கச் சொன்ன சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து.

"அதனால நீ ஒரு தாள்ல எழுதிக் குடு. அவசரத்துல இணைப்பத் தப்பாக் குடுத்துட்டேன்னு. எச்சரிக்கையோட விட்டுடறேன். வேல போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"நிரந்தரம்?"

"அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம்."

"அடுத்த லிஸ்ட்டுன்னா?"

"எனக்கு என்ன தெரியும்? இந்த லிஸ்ட் வந்ததே எத்தன வருஷம் கழிச்சு." இழுப்பறையைச் சாவி போட்டுப் பூட்டினார். "திங்கக்கிழமை காலைல என் மேசைல இருக்கணும்."

வெளியே மழை விட்டிருந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலிருந்த சாயாக் கடையில் ஏசுதாஸ் கிளாஸைக் கையில் வாங்கியபோது பட்டாபி வந்து நின்றார். குடையை மடக்கவில்லை. சமாதானத்துக்கு வந்த முகமாக இல்லை.

"எழுதிக் குடுத்துடு. கதைய வளர்க்காதே."

"ஒமக்கென்ன, சொல்லுவீரு."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. இந்த வயசுல ஒரு கறுப்புப் புள்ளியோட ஊருக்குப் போகச் சொல்றயா? என் பேர இதுல இழுக்காதே."

"கட்டுனது யாரு?"

"கட்டினது நாந்தான். இல்லேன்னு சொன்னேனா?" பட்டாபியின் குரல் உடைந்து மேலே போயிற்று. "நீ ஏண்டா சொல்லல? அந்த மோட்டார் உடம்புல கரண்ட் ஓடறது, ஒண்ணும் படக்கூடாதுன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கம்பியத் தொடுவேனா? பூக்கட்டற நாரு இல்லையா ஊர்ல? நீ அங்கதானே நின்னுண்டிருந்தே!"

"நின்னேன்," என்றான் ஏசுதாஸ். "தட்டோட படகுல ஏறுனதும் என்ன சொன்னீரு? நெனப்பிருக்கா? பூஜை நடக்கப்போறது, நீ கொஞ்சம் எறங்கி அந்தாண்ட நில்லுன்னீரு. நான் போட்ட பலக, நான் முடுக்குன போல்ட்டு. எங்கையில கிரீஸு கூடக் காயல. என்னைய எறங்கச் சொன்னீரு."

பட்டாபி குடையைக் கைமாற்றிப் பிடித்தார். "அது… பூஜை சமாசாரம். அது வேற."

"வேறதான். எறங்கிட்டேன். கரைக்குப் போயித் திரும்பி நின்னுக்கிட்டேன். நீரு என்னத்தக் கட்டுனா எனக்கென்னன்னு பாக்கவே இல்ல."

இதைச் சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. பார்த்திருந்தால் கம்பி கண்ணில் பட்டிருக்கும். கண்ணில் பட்டிருந்தால் ஒரே தாவலில் ஏறிப் பிடுங்கியிருப்பான். பார்க்கக்கூடாது என்றுதான் அந்தப் பக்கம் திரும்பி, ஆற்று மணலில் கிடந்த எருமைகளை வீம்பாக எண்ணிக்கொண்டிருந்தான். செயலாளர் நெற்றியில் அந்த வீம்புக்கும் ஒரு தையல் உண்டு.

"அப்ப உன் பேர்லயும் தப்பு இருக்கோன்னோ?" என்றார் பட்டாபி, பிடி கிடைத்துவிட்ட வேகத்தில்.

"இருக்கு. எழுதத்தான் போறேன். மொதல்ல மோட்டார் வாங்குனவரு. ரெண்டாவது நான். ஒம்ம பேரு மூணாவதா வரும்."

"நாசமாப் போவே," என்றார் பட்டாபி. குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். ஏசுதாஸ் கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தான்.

அவனும் மனைவி அக்னஸும் சரோஜினி நகரில் ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்புறத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அக்னஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் அவளுக்கு ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஏசுதாஸ் டிரங்குப் பெட்டியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் தாளை வைத்தான். சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் கையிலிருந்தது: பெறுநர், பொருள், பிறகு ஒரு சங்கதிக்கு ஒரு பத்தி. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்கினான்.

அக்னஸ் குனிந்து பெறுநர் முகவரியைப் படித்தாள்.

"இது பூவராகவன் சாருக்கு இல்லியே."

"இல்ல. செயலாளருக்கு."

"மண்ட ஒடஞ்சவருக்கா? ஏங்க, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒங்களுக்கு? அவரத் தாண்டி மேல எழுதுனா சும்மா விடுவாரா? எச்சரிக்கையோட விடுதேன்னு சொன்ன மனுசன் வீட்டுக்கே அனுப்பிருவாரு."

"அனுப்பலாம்."

"அனுப்பலாமா? எனக்கு ஒருத்தி சம்பளத்துல இந்த டெல்லில குடும்பம் நடத்தச் சொல்லுதியளா?"

"தப்பா வயரிங் குடுத்தேன்னு எங்கையால எழுதிக் குடுத்தா அப்புறம் எந்த லிஸ்ட்டுலயும் எம் பேரு வராது, அக்னஸ். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள எடுத்து மேல வச்சிருவாரு. நான் சாவுற மட்டும் தினக்கூலிதான். வேலையக் காப்பாத்துதேன்னு சொல்லி வேலைய எடுக்குதாரு. ஒனக்கு வெளங்கலியா?"

அவள் அரிசியை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். முறத்தின் ஓசையில் கோபம் நன்றாகவே கேட்டது. கொஞ்சம் கழித்து, திரும்பாமலே, "எழுதுனத வாசிங்க," என்றாள்.

வாசித்தான். படகின் மின்சாரம் இன்னது, வாங்கிய மோட்டார் இன்னது, அதை ஏற்றுக்கொண்டவர் இன்னார். இரண்டையும் கோத்தவன் நான். கோத்த முறை சரி, இடது மோட்டாரைப் படகிலிருந்து பிரித்து வைத்தேன். அப்படிப் பிரித்திருப்பதைப் படகோட்டிக்கோ ஸ்டோர்கீப்பருக்கோ நான் சொல்லவில்லை. ஒரு அட்டை எழுதித் தொங்கவிடவும் இல்லை. அது என் குற்றம். ஸ்டோர்கீப்பர் பூஜைக்காகக் கட்டிய கம்பி மோட்டாரையும் ஜன்னல் சட்டத்தையும் சேர்த்துவிட்டது. சட்டத்தில் தீய்ந்த வடு இருக்கிறது. பெயிண்ட் அடிக்கும் முன் தாங்கள் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

"ஒங்கள எறங்கி நிக்கச் சொன்னத எழுதலியா?"

"இல்ல."

"ஏன்? அதத்தான எழுதணும். அதுனாலதான பாக்கல?"

"அத எழுதுனா மத்ததெல்லாம் அடிபட்டுப் போகும். பூஜையில கோச்சுக்கிட்டு எழுதுதான்னு தள்ளிருவானுவ. அங்க நிக்காத, இங்க நிக்காதன்னு எத்தன பேரு சொல்லியாச்சு. அதெல்லாம் எழுத ஆரம்பிச்சா தாளு காணாது."

"அந்த ஐயரக் காப்பாத்துதியளாக்கும்."

"அவனையா? நாளைக்கு அவன் மூஞ்சில முழிக்கவே எனக்குப் புடிக்கல." பேனாவின் மூடியை மாட்டினான். "நான் சொல்லாம விட்டது ரெண்டாவது. அவன் கட்டுனது மூணாவது. இருக்கத அப்படியே போட்டிருக்கு. அவ்வளவுதான்."

முறம் நின்றது. "பூவராகவன் சாருக்கும் ஒரு நகல் அனுப்புங்க. ஒளிச்சுச் செஞ்சதா இருக்கவேண்டாம்," என்றாள் அக்னஸ். சொல்லிவிட்டு மறுபடியும் கோபமாகப் புடைத்தாள். அவன் இன்னொரு தாளை எடுத்து முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினான்.

திங்கட்கிழமை காலை அவன் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. சரோஜினி நகர் தபால் ஆபீஸ் கதவு திறக்கும்போது வாசலில் நின்றான். கவுண்ட்டரில் பசைச் சட்டி காய்ந்து ஓடாகக் கிடந்தது. குழாயில் கையை நனைத்து வந்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, குச்சியால் குழைத்தான். செயலாளர் பெயரிட்ட உறையின் ஓரத்தில் தடவி மடக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பூவராகவனின் உறை. பின்னால் நின்ற சர்தார்ஜி, ஜல்தி கரோ பாயி, என்று முதுகில் தட்டினார்.

ரிஜிஸ்தர் தபால், ஒப்புகை அட்டையோடு, இரண்டும், என்றான் ஏசுதாஸ். குமாஸ்தா உறைகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே ஊர்தானே, கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றார். நஹி, கையெழுத்து வாங்கின அட்டை வேண்டும் என்றான் அவன். குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டு முத்திரைக் கட்டையை எடுத்தார். இரண்டு அடி விழுந்தது. உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவருக்குப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போய் விழுந்தன.